மியான்மர் ராணுவத்தோடு உறவு: இந்தியாவுக்கு என்ன கிடைத்தது?

இளவேனில்:
மியான்மரில் 1988-ல் நடந்த ஜனநாயகப் போராட்டத்தை ஆதரித்த டெல்லி, 1993 வாக்கில் ராணுவ ஆட்சியோடு கைகோத்தது. எரிவாயு வரும், சீனாவைத் தள்ளி வைக்கலாம் என்றார்கள். 2004-ல் மேற்கு மியான்மரின் ரக்கைன் மாநிலக் கடலில் ஷ்வே எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. நம் அரசு நிறுவனங்களான ஓஎன்ஜிசி விதேஷுக்கும் கெயிலுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் 2013 முதல் அந்த வாயுவில் பெரும்பகுதி குழாய் வழியே சீனாவின் யுன்னானுக்குப் போகிறது. எதற்காக இத்தனை வருட நட்பு?

கதிர்79:
ஜெனரல்களை மட்டும் குறை சொல்லாதீர்கள். 2005 ஜனவரியில் யாங்கூனில் இந்தியா, மியான்மர், வங்கதேசம் ஆகிய மூன்று நாட்டு அமைச்சர்களும் இந்தியாவுக்கு எரிவாயுக் குழாய் போடுவது பற்றிப் பேசினார்கள். அது வங்கதேசம் வழியாக வர வேண்டும். நேபாளம், பூட்டானிலிருந்து மின்சாரம் கொண்டுவர வழி விடுங்கள் என்று டாக்கா கேட்டது. டெல்லி இழுத்தடித்தது, சீனா முந்திக்கொண்டது. அப்புறம், மியான்மரோடு நமக்கு 1,643 கிலோமீட்டர் எல்லை. வடகிழக்கின் ஆயுதக் குழுக்கள் அந்தப் பக்கம் முகாம் போட்டிருந்தன. யார் ஆண்டாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

பருப்புக்கடை:
நான் பருப்பு வியாபாரி. நாம் இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை என்று 2021-ல் ஒப்பந்தம் ஆனது. ராணுவம் ஆட்சியைப் பிடித்த அதே ஆண்டு! உறவை முறித்திருந்தால் இட்லி என்ன விலை விற்கும்?

இளவேனில்:
சரி, முறிக்கச் சொல்லவில்லை. யாரோடு பேசுவது என்பதுதான் கேள்வி. கலாதான் திட்டத்தைப் பாருங்கள். 2008-ல் கையெழுத்து. கொல்கத்தாவிலிருந்து மியான்மரின் சிட்வே துறைமுகம் வரை கடல், பலேத்வா ஊர் வரை ஆறு, அங்கிருந்து மிசோரமுக்குச் சாலை. கொல்கத்தாவிலிருந்து சிட்வேக்கு முதல் சரக்குக் கப்பல் போனதே 2023 மே மாதம்தான். அடுத்த ஜனவரியில் பலேத்வா, ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் ஆயுதக் குழுவான அரக்கான் ஆர்மி கைக்குப் போய்விட்டது. தலைநகர் நேபிடோவில் இருக்கும் ராணுவ அரசின் கையெழுத்தை வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் ஒரு லாரி நகருமா?

கதிர்79:
நகராது, ஒப்புக்கொள்கிறேன். மிசோரம் எம்.பி. ஒருவரே எல்லை தாண்டிப் போய் அரக்கான் ஆர்மியைச் சந்தித்தாரே. ஆனால் அந்த அரக்கான் ஆர்மி மீதும் ரக்கைனின் சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்கியாக்களைத் தாக்கிய குற்றச்சாட்டு இருக்கிறது.

இளவேனில்:
இருக்கிறது. அவர்களோடு உட்காரும்போது அதையும் கேட்க வேண்டும். 2017-ல் 7 லட்சம் ரோஹிங்கியாக்களுக்கு மேல் வங்கதேசத்துக்கு விரட்டிய ராணுவத்திடம் நாம் ஒரு வார்த்தை கடுமையாகக் கேட்டோமா, சொல்லுங்கள்.