கொழுந்து பறிப்பது ‘கார்டியோ’ ஆகுமா?

கேள்வி (ஹட்டன்): 52 வயதான என் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருப்பதால், ‘கார்டியோ’ செய்யும்படி கிளினிக்கில் வைத்தியர் கூறினார். நாள் முழுவதும் மலையில் தேயிலைக் கொழுந்து பறிப்பவருக்கு அது வேறு தேவையா?

பதில் (பண்டாரவளை): தம்பி, கால் போன்ற பெருந்தசைகள் இடைவிடாமல் சீராக இயங்கி, அவற்றுக்கு ஒட்சிசனைக் கொண்டு செல்ல இதயமும் நுரையீரலும் சிறிது நேரம் வேகமாக உழைக்கும் எந்த அசைவும் கார்டியோதான். லயத்திலிருந்து (தோட்டக் குடியிருப்பிலிருந்து) மலைக்கு ஏறுவது கணக்கில் சேரும். ஆனால் செடியருகே நின்று கையால் பறிப்பது களைப்பைத் தந்தாலும், இதயத் துடிப்பைப் பெரிதாக உயர்த்தாது. பயிற்சியின்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான வேகத்துக்கு அதுவே அளவு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சியைப் பரிந்துரைக்கிறது.

பதில் (நுவரெலியா): ‘220 கழித்தல் வயது’ என்ற கணக்கின்படி அம்மாவின் உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 168, மிதமான பயிற்சிக்கு அதில் பாதி முதல் 70 சதவீதம் வரை போதும். எனினும் சில பிரஷர் மாத்திரைகள் துடிப்பையே குறைத்துவிடும் என்பதால், நாடி எண்ணுவதைவிட பண்டாரவளை அக்கா சொன்ன பேச்சுச் சோதனையே நம்பத்தக்கது. நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்த வேண்டும்.

கேள்வி கேட்டவர்: நன்றி அக்கா, நன்றி ஐயா. முழங்கால் வலி இருப்பதால், இறக்கத்தைத் தவிர்த்து, தோட்டத்து மைதானத்தைச் சுற்றி நடக்கச் சொல்கிறேன்.