நடுக்கடலிலும் தீவிலும் பார்த்த கடற்பறவைகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முன்தளம்

நானே தொடங்கிவிடுகிறேன். சரக்குக் கப்பலில் வேலை. நிலநடுக்கோட்டுப் பக்கம் போனாலே முன்கம்பத்தில் பூபி என்ற கடற்பறவைகள் வந்து உட்கார்ந்துவிடும். புதிதாகச் சேர்ந்த பையன்கள், பாவம் களைத்துப்போய் வந்திருக்கிறது என்று சாப்பாட்டைக் கொண்டுபோய் வைப்பார்கள். அது திரும்பிக்கூடப் பார்க்காது. வந்திருப்பது வேட்டைக்கு. கப்பல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது கோலா மீன்கள் மிரண்டு இரண்டு பக்கமும் பறக்கும். பூபி கம்பத்திலிருந்து அப்படியே சரிந்து இறங்கி, அலையை ஒட்டி விரட்டிப்போய்க் காற்றிலேயே கவ்விவிடும். தப்பித்துத் தண்ணீருக்குள் போன மீனையும் விடாது, பின்னாலேயே பாயும்.

ஒருமுறை செங்கால் பூபி ஒன்று கை எட்டுகிற தூரத்தில், கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்தது. அலகு வெளிர்நீலம், அதன் அடியில் ரோஜா நிறம், பாதம் நல்ல சிவப்பு. உற்றுப் பார்த்தால் அலகின் மேல் மூக்குத் துளையே தெரியவில்லை. வேகமாகத் தண்ணீரில் பாயும் பறவை, மூக்கைத் திறந்து வைத்திருந்தால் என்ன ஆகும்? வாயோரமாகத்தான் மூச்சு. வெயில் ஏறியதும் தொண்டைத் தோல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது, நாய் இளைப்பது மாதிரி. முட்டையை அடைகாப்பதும் அந்தச் சிவப்புப் பாதத்தால்தான்.

தளத்து வேலைகளைப் பார்க்கும் போசனுக்கு மட்டும் இதைக் கண்டால் ஆகாது. முன்தளம் முழுக்க வெள்ளையடித்துவிட்டுப் போய்விடும், கழுவுகிறவன் அவன்.

ஒற்றைக்கம்பு

நான் சூரைப் படகில் இருந்தவன். வலை கிடையாது, கம்பும் தூண்டிலும்தான். எங்களுக்கு மீன் காட்டும் கருவியே ஆலாக்கள்தான். சூரை கீழிருந்து சின்ன மீன்களை மேலே விரட்டும், ஆலா மேலிருந்து பொறுக்கும். கூட்டம் நேர்கோட்டில் வேகமாகப் போனால் மீனும் ஓடிக்கொண்டிருக்கிறது, பின்னால் போய்ப் பயனில்லை. ஒரே இடத்தில் சுழன்று சுழன்று விழுந்தால் என்ஜினைக் குறைத்துவிட்டுக் கம்பை எடுக்கலாம்.

அதில் முக்கால்வாசி சூட்டி ஆலா. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. இது தண்ணீருக்குள் முங்கிப் பிடிக்காது. இறகில் நீர் ஒட்டாத தன்மை போதாது, அதனால் தண்ணீரில் உட்கார்ந்து இளைப்பாறவும் முடியாது. குஞ்சு முதல்முறை தீவை விட்டுப் பறந்தால் வருடக்கணக்கில் வானத்திலேயேதான். சூரை மேலே தள்ளிவிடுவதுதான் அதற்குச் சாப்பாடு. அதனால் சூரையை அளவில்லாமல் அள்ளினால் பட்டினி கிடப்பது நாங்கள் மட்டும் இல்லை. இதைச் சொன்னால் பெரிய வலைக்காரர்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

எரிமலைத்தீவு

சூட்டி ஆலா என்றதும் அட்லாண்டிக் நடுவில் இருக்கும் அசென்ஷன் தீவு ஞாபகம். அங்கே இதற்கு 'வைட்அவேக்' (முழு விழிப்பு) என்று பெயர், ராத்திரி பகல் பாராமல் கத்துவதால். விமானத்தளத்துக்கே அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மற்ற பறவை மாதிரி வருடத்துக்கு ஒருமுறை இல்லை, ஒன்பதரை மாதத்துக்கு ஒருமுறை கூடு வைக்க வருகிறது. பருவம் பெரிதாக மாறாத கடலில் காலண்டரைப் பார்த்து என்ன ஆகப்போகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது ஃபிரிகேட் பறவை பற்றி. இறக்கையை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல், எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டித்தான். மற்ற பறவையை விரட்டி, கக்க வைத்து, விழுவதற்குள் பிடித்துக்கொள்ளும். கண்ணெதிரே ஒரு பூபியின் வாலைக் கவ்வி உலுக்கியதைப் பார்த்தேன். ரௌடித்தனம் என்று தோன்றும், ஆனால் அதன் உணவில் பெரும்பகுதி அதுவே பிடிப்பதுதான். இதுவும் தண்ணீரில் உட்காராது. மேகத்துக்குக் கீழே எழும் காற்றில் ஏறி ஏறி இரண்டு மாதம் வரை இறங்காமல் சுற்றும். மூளையலையை அளந்து பார்த்தவர்கள், பறக்கும்போது அது ஒரு நாளில் சராசரியாக 42 நிமிடம்தான் தூங்குகிறது என்று கண்டார்கள்.

இப்பேர்ப்பட்ட பறவையைத் தரையில் வீட்டுப்பூனை முடித்துவிட்டது. அசென்ஷனுக்கே உரிய ஃபிரிகேட் இனம், பூனைகள் பெருகியதும் பெரிய தீவைக் கைவிட்டு, அருகில் இருக்கும் போட்ஸ்வைன்பேர்ட் என்ற பாறைத்தீவில் போய் ஒதுங்கிக்கொண்டது. காட்டுப்பூனையாகத் திரிந்தவற்றை ஒழித்து, 2006-ல் பூனையில்லாத் தீவு என்று அறிவித்தார்கள். பறவை உடனே திரும்பிவிடவில்லை. 2012-ல்தான் பெரிய தீவில் மறுபடி கூடு வைத்தது, அதுவும் நூறு வருடத்துக்கு மேல் கழித்து. குஞ்சு பறக்கத் தொடங்கிய பிறகும் மாதக்கணக்கில் தாய்தான் ஊட்ட வேண்டும். அவ்வளவு நிதானமாகப் பெருகும் பறவை, அப்புறம் எப்படி அவசரப்படும்?

விளக்கணை

எனக்குப் பறவைகள் கூடு வைக்கும் இடத்தில் தங்கிய அனுபவம் கிடையாது. இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் இருந்தபோது விளையாட்டு மைதானத்து விளக்குக் கம்பத்தடியில் பெட்ரல் என்ற கடற்பறவையின் குஞ்சு ஒன்று கிடந்தது. பறக்கும் வயசுதான், அடி எதுவும் படவில்லை. முதல்முறை வளையிலிருந்து கிளம்பிக் கடலுக்குப் போகவேண்டியது, வெளிச்சத்தில் திசை கெட்டு இறங்கிவிடுகிறது. கால் பின்னால் இருப்பதால் சமதரையிலிருந்து எழும்ப முடியாது. பாராவ் பெட்ரல் உலகத்திலேயே அந்த ஒரு தீவில்தான் கூடு வைக்கிறது. ஏப்ரல் மாதத்தில் இப்படி விழுவது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

துண்டால் மூடி, துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான இடத்தில் விட்டு, மீட்புக் குழுவுக்குச் சொன்னோம். தண்ணீரோ தீனியோ தரக்கூடாது. மேலே தூக்கி எறிந்து பறக்கவிடப் பார்க்கவும் கூடாது. பெட்டியைத் திறந்தால் ஒரு எண்ணெய் வாசனை வரும், கையில் இரண்டு நாள் போகாது.

சந்தேகம்

படிக்க நன்றாக இருக்கிறது. ஒரு கேள்வி. பூனை ஒழிப்பு என்கிறீர்கள், தீவுகளில் எலியையும் ஒழிக்கிறார்களாம். ஹெலிகாப்டரில் விஷம் தூவுவதுதானே அது? அதற்குப் பெயர் பாதுகாப்பா?

எரிமலைத்தீவு

நியாயமான கேள்வி. பசிபிக்கில் பால்மைரா பவளத்தீவில் 2011-ல் அப்படித்தான் எலியை ஒழித்தார்கள். சும்மா நடக்கவில்லை. விஷத்தால் சில கரைப்பறவைகளும் செத்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. எலி போன பிறகு பிசோனியா மரத்தின் நாற்றுகள் ஏராளமாக முளைத்தன, அதற்கு முன் விதையை எலி விடவில்லை. எலி ரத்தத்தை நம்பியிருந்த ஒரு கொசு இனம்கூடக் காணாமல் போனது.

பலன் தரையோடு நிற்பதும் இல்லை. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளில், எலி இருக்கும் தீவையும் இல்லாத தீவையும் ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வெளிவந்தது. எலி இல்லாத இடத்தில் பறவை அடர்த்தி 760 மடங்கு, தீவில் சேரும் நைட்ரஜன் 251 மடங்கு. அது மழையில் கரைந்து கடலுக்குப் போய், பக்கத்துப் பவளப்பாறையில் மீன் எடை ஏறக்குறைய பாதியளவு கூடுதலாக இருந்தது. முன்தளம் சொன்ன போசன் திட்டிக்கொண்டே கழுவும் அதே எச்சம்தான் இது. சில கரைப்பறவைகளின் சாவையும் இதையும் எடைபோட்டால், நான் ஒழிப்பின் பக்கம்தான் நிற்பேன்.

கசின்வாசி

பிசோனியாவைப் பற்றி ஒன்று. செஷல்ஸின் கசின் தீவு, 1968-ல் பறவைகளுக்காகவே வாங்கப்பட்டது, அதற்கு முன் தென்னந்தோப்பு. நான் தன்னார்வலராக இருந்தபோது நோடி என்ற ஆலா வகைப் பறவைகள் இந்த மரத்தில்தான் கூடு கட்டும். அதன் விதை பிசின்போல் ஒட்டும். இறகு முழுக்க ஒட்டிக்கொண்டு பறக்க முடியாமல் கீழே செத்துக் கிடக்கும் நோடியையும் பார்த்திருக்கிறேன். வீடு கொடுக்கிற மரமே ஆளையும் முடிக்கிறது. இதில் யாரும் தலையிடுவதில்லை, தலையிடவும் வேண்டாம்.

வெள்ளை ஆலா இன்னொரு வகை. கூடே கிடையாது, மொட்டைக் கிளையில் இருக்கும் சின்னப் பள்ளத்தில் ஒரே ஒரு முட்டை. குஞ்சு பொரிந்த கையோடு நகத்தால் கிளையைப் பற்றிக்கொள்கிறது.

செவ்வால்

எலியோடு முடிந்தால் பரவாயில்லை. செவ்வால் டிராபிக் பறவைக்குக் கால் பின்னால் இருப்பதால் நடக்க வராது, வயிற்றால் தேய்த்துக்கொண்டு புதருக்கடியில் நகரும். காலில் அடையாள வளையம் போடக் கையில் எடுத்தால் காது கிழியக் கத்தும், அலகால் கடித்து ரத்தம் வரவைக்கும். ஆனால் எறும்பிடம் ஒன்றும் செய்யமுடியாது. பசிபிக்கின் ஜான்ஸ்டன் தீவில் 2010-ல் மஞ்சள் வெறி எறும்பு பரவியிருப்பது தெரிந்தது. அது கொட்டாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். தரையில் அடைகாத்தவற்றுக்குக் கண் போனது. தன்னார்வலர்கள் குழு குழுவாக அங்கேயே கூடாரத்தில் தங்கி எறும்புக்கு விஷ இரை வைத்தார்கள். மிச்சம் இருக்கிறதா என்று தேட எறும்பை மோப்பம் பிடிக்கும் நாய்களையே கொண்டுபோனார்கள். 2021-ல் எறும்பு ஒழிந்தது என்று அறிவிப்பு வந்தது. இப்போது அங்கே போகும் எந்தப் பெட்டியும் மூட்டையும் சோதனை இல்லாமல் கரையேறாது.