கீழ்த்தாடை இம்பிளான்ட்: அச்சிட்ட கைடு இருந்தால் நரம்பு பயம் வேண்டாமா?

முகில்:
கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்து ஆறேழு மாதம் ஆகிறது. இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகும் செயற்கைப் பல்வேர்) வைக்கச் சொல்கிறார் மருத்துவர். சிபிசிடி (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) எடுத்து, வாயையும் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் இடம் குறித்து, அதற்கேற்ப ஒரு கைடு, அதாவது டிரில் சரியான இடத்தில் இறங்கப் பற்கள்மேல் மாட்டும் வழிகாட்டி, 3டி பிரின்டரில் அச்சிடுவாராம். இன்னொரு மருத்துவரோ கையாலேயே வைக்கலாம் என்கிறார். நரம்பில் பட்டால் உதடு மரத்துப்போகும் என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. கைடு வைத்தால் கவலை விட்டதா?

தேன்மொழி:
பல் லேபில் இந்தக் கைடுகளை டிசைன் செய்வதுதான் என் வேலை, மருத்துவர் இல்லை. கவலை குறையும், ஆனால் முழுக்க விடாது.

சிபிசிடியில் எலும்பும் நரம்பு போகும் கால்வாயும் தெரியும். பல்லின் மேற்பரப்பு அதில் அவ்வளவு துல்லியமாக வராது. அதற்குத்தான் வாய் ஸ்கேன். இரண்டையும் பற்களை அடையாளமாக வைத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவோம். பிறகு வரவேண்டிய பல்லை முதலில் திரையில் உட்காரவைத்து, அதற்குக் கீழே இம்பிளான்ட்டுக்கு இடம் பார்ப்போம். எலும்பு இருக்கிற இடமாகப் பார்த்துத் திருகிவிட்டு, அப்புறம் பல்லைக் கோணலாகக் கட்டுகிற கதை இதனால் குறையும். என்னைக் கேட்டால் கைடின் பெரிய லாபமே இதுதான், நரம்பு இரண்டாவது.

பிசகு நுழைவது அந்தப் பொருத்தும் இடத்தில்தான். உலோகக் கேப் நிறைய இருந்தால் சிபிசிடியில் கோடுகோடாகச் சிதறி, பல்லின் விளிம்பே தெரியாது. ஸ்கேன் எடுக்கும்போது தலை அசைந்தாலும் வம்புதான். எல்லாம் சரியாக இருந்தாலும், ஆய்வுகளில் சராசரியாக இம்பிளான்ட் எலும்பில் நுழையுமிடத்தில் 1 மி.மீ. அளவுக்கும், அதன் அடிநுனியில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் திட்டத்திலிருந்து விலகல் வருகிறது. கோணமும் 3, 4 டிகிரி மாறலாம். அதனால் நரம்புக்கு மேலே 2 மி.மீ. விட்டுத்தான் திட்டம் போடுவது வழக்கம். சில டிரில்களின் கூர்முனை குறித்த ஆழத்தைத் தாண்டி இறங்கும், அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். திரையில் அழகாகத் தெரிகிறதே என்று அந்த இடைவெளியைக் குறைக்கச் சொல்பவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

பல்டாக்டர்:
மேடம் சொன்னது சரி. இரண்டு சேர்க்கிறேன். கைடுக்கு ஏற்ற டிரில்கள் நீளமானவை. பின்பக்கக் கடைவாயில் வாய் போதுமான அளவு திறக்காவிட்டால் டிரில் உள்ளேயே நுழையாது. இதை முன்னாலேயே பார்த்துவிடச் சொல்லுங்கள். அடுத்து, குளிர்விக்கும் நீர் எலும்புக்குப் போவதைக் கைடு மறைக்கும். 47 டிகிரி செல்சியஸ் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புக்குக் கேடு. அதனால் டிரில்லை அடிக்கடி வெளியே எடுத்து, நிதானமாகப் போகவேண்டும். எலும்பு தாராளமாக இருந்தால் கையால் வைப்பதிலும் தப்பில்லை. ஆனால் சிபிசிடி எடுக்காமல் மட்டும் வைக்கவேண்டாம்.

முகில்:
நன்றி மேடம், நன்றி டாக்டர். பக்கத்துப் பல்லில் பழைய உலோகக் கேப் இருக்கிறது. பிரச்சினையா?

தேன்மொழி:
ஒன்றுதான் என்றால் சமாளிக்கலாம், மற்றப் பற்களை வைத்துப் பொருத்திக்கொள்வோம். அந்தக் கேப்பை மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் ஸ்கேனுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். கைடு உங்கள் பற்கள்மேல்தான் உட்காருகிறது. அச்சிட்ட பிறகு கேப்பை மாற்றினால் அது சரியாகப் பொருந்தாது, திரும்ப ஸ்கேன் எடுத்துப் புதிதாகத்தான் செய்யவேண்டும்.