விற்பனை மதிப்பீடு குறைந்தால் பிராசசர் விலை இறங்குமா?

காட்பாடிக் கடைக்காரர்:
காட்பாடியில் கணினி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். கல்லூரிகள் திறக்கும் பருவத்தை நம்பிப் பிராசசர்களை (கணினியின் மையச் சில்லுகளை) முன்கூட்டியே வாங்கி வைப்பது வழக்கம். இவற்றைத் தயாரிக்கும் இன்டெல், ஏஎம்டி போன்ற நிறுவனங்கள் காலாண்டு விற்பனை மதிப்பீட்டைக் குறைத்து அறிவித்தால், சென்னை ரிச்சி தெருவில் விலை இறங்கும் என்று எதிர்பார்த்துக் கொள்முதலை நிறுத்தலாமா?

ராணிப்பேட்டைப் பொறியாளர்:
நிறுத்தலாம், ஐயா. 2022ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் ஏறத்தாழ 670 கோடி டாலர் வருவாயை எதிர்பார்த்த ஏஎம்டி, 560 கோடி அளவில்தான் வரும் என்று அக்டோபர் 6 அன்று அறிவித்தது. கணினிகளுக்கான தேவை சரிந்ததும், கணினித் தயாரிப்பாளர்கள் புதிதாக வாங்காமல் கையிருப்பைக் கரைக்கத் தொடங்கியதுமே காரணம். செப்டம்பர் இறுதியில் 699 டாலருக்கு வந்த ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் பிராசசர், நவம்பரிலேயே அமெரிக்கக் கடைகளில் 600 டாலருக்கும் கீழே விற்றது. தேங்கிய சரக்குதான் விலையை இறக்குகிறது. மதிப்பீட்டுக் குறைப்பு அந்தத் தேக்கத்தை நமக்கு முன்பே காட்டிவிடுகிறது.

ஆம்பூர் வாசகர்:
நண்பர் சொல்வது பாதிதான். விற்பனை சரியாமலே போட்டியால் விலை உடைந்ததும் உண்டு. 2017 மார்ச்சில் எட்டு கோர்கள் (கணக்கிடும் உள் அலகுகள்) கொண்ட ஏஎம்டியின் ரைசன் 7 1800எக்ஸ் 499 டாலருக்கு வந்தபோது, அதற்கு இணையான இன்டெல் பிராசசரின் விலை ஆயிரம் டாலருக்கும் மேல். 2018இல் 1,979 டாலர் என்று அறிவித்த 18 கோர் பிராசசருக்கு அடுத்த தலைமுறையில் இன்டெல் வைத்த விலை 979 டாலர்தான். எனவே வருவாய் அறிக்கையைவிட, எதிராளியின் புதிய வெளியீட்டுத் தேதியைக் கவனிப்பதே கடைக்காரருக்குப் பயன் தரும்.

குடியாத்தம் கணக்காளர்:
இருவரும் டாலரிலேயே பேசுகிறீர்கள். 2022 தொடக்கத்தில் 75 ரூபாய்க்குள் இருந்த டாலர் அதே அக்டோபரில் 82ஐத் தாண்டியதால், அங்கே குறைந்ததில் ஒரு பகுதி இங்கே வந்து சேரவில்லை. அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. விலை குறைந்தால் வித்தியாசத்தைத் தயாரிப்பு நிறுவனம் ஈடுகட்டும் ஏற்பாடு பெரிய விநியோகஸ்தர்களுக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கும். சிறு கடையின் அலமாரியில் இருக்கும் சரக்கின் நட்டம் முழுவதும் கடைக்காரருடையதே. இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ஆகவே ஐயா, பிராசசரை ஆர்டர் வந்த பிறகே எடுங்கள். ரேமுக்கு (கணினியின் தற்காலிக நினைவகத்துக்கு) இந்தக் கணக்கு பொருந்தாது: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றும் சந்தையின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருப்பதால், அவை உற்பத்தியைக் குறைத்த செய்தி வந்தால், விலை ஏறும் முன் காத்திருக்காமல் வாங்கிவிடுங்கள்.