பாய்களைப் படம் எடுக்க வீடியோ பாடம் மட்டும் போதுமா?

எழுதியவர்: கோரைப்பாய், பத்தமடை

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவும் சித்தியும் பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறார்கள். இதுவரை கடைக்காரர்களுக்குத்தான் கொடுத்துவந்தோம். இப்போது நாங்களே இணையத்தில் விற்கத் தொடங்கியிருக்கிறோம். மணமக்கள் பெயரை வைத்து நெய்யும் கல்யாணப் பாயைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். சென்னையிலோ கோவையிலோ இருப்பவர் பாயைத் தொட்டுப் பார்க்க முடியாது. படத்தைப் பார்த்துத்தான் பணம் அனுப்ப வேண்டும். அந்தப் படம்தான் சரியாக வரவில்லை.

உறவினர் ஒருவரிடம் பழைய கேனான் 1300டி கேமரா வாங்கினேன். அதோடு வந்த 18-55 லென்ஸ்தான் இருக்கிறது. லேப்டாப்பில் 4 ஜிபி ராம். பணம் கட்டி ஓர் ஆங்கில வீடியோ பாடத்தில் சேர்ந்து, இரவில் வீட்டு வேலை முடிந்த பிறகு பார்க்கிறேன். படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் ஷட்டர், அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றில் ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டை எப்படி மாற்ற வேண்டும் என்பது புரிந்துவிட்டது. ஆங்கிலம் தடையாக இல்லை, நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் பாயை விரித்து எடுக்கும்போது பாடத்தில் சொன்னது எதுவும் கைகொடுக்கவில்லை. சிவப்புக் கரை மை கொட்டியதுபோல ஒரே திட்டாக வருகிறது, பின்னலே தெரியவில்லை. படத்தில் பார்த்த நிறம் வேறு, வந்த பாயின் நிறம் வேறு என்று ஒருவர் வருத்தப்பட்டார். சில படங்களில் பாயில் இல்லாத அலை அலையான கோடுகள் தெரிகின்றன. எடிட்டிங் பாடத்தில் ஆசிரியர் அழுத்தும் பொத்தான் என் திரையில் இல்லவே இல்லை.

திருநெல்வேலியில் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன கட்டணம் எங்களால் முடியாதது. வீடியோவிலேயே தொடரலாமா? தொடர்வதென்றால் எப்படிப் படித்தால் பயன்படும்?

பதில்: பாளை கணினி டீச்சர்

எடிட்டிங் சந்தேகத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

பொத்தான் இல்லாததற்குக் காரணம், பாடத்தில் இருக்கும் பதிப்பும் உங்கள் கணினியில் இருக்கும் பதிப்பும் வேறு வேறாக இருப்பதுதான். லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில் 2012-இல் வந்த நான்காம் பதிப்பு முக்கியமான ஸ்லைடர்களையே மாற்றிவிட்டது. ஜிம்ப் என்ற இன்னொரு திருத்தும் மென்பொருளின் 3.0 பதிப்பு வெளிவந்தது 2025 மார்ச்சில். அதற்கு முந்தைய ஜிம்ப் வீடியோக்களில் சில மெனுக்கள் இப்போது வேறு இடத்தில் இருக்கும். எந்த மென்பொருள் பாடமானாலும் முதல் வேலை, அது எந்தப் பதிப்பை வைத்து எடுக்கப்பட்டது என்று பார்ப்பது. பழைய பாடம் நன்றாக இருந்தால் அந்தப் பழைய பதிப்பையே நிறுவிக்கொண்டு கற்பதில் தவறில்லை.

4 ஜிபி ராமில் லைட்ரூம் கிளாசிக் வேண்டாம். அதற்குக் குறைந்தது 8 ஜிபி தேவை. கேனான் கேமரா வைத்திருப்பவர்களுக்கு அந்த நிறுவனமே டிஜிட்டல் போட்டோ புரொபஷனல் என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. ரா கோப்புகளை, அதாவது சென்சார் பதிவுசெய்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்புகளை, திருத்த அதில் தொடங்குங்கள்.

மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் ஜிம்ப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. தமிழ்க் குரலிலும் கேட்கலாம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம். திரையின் ஒரு பாதியில் வீடியோ, மறு பாதியில் மென்பொருள் என்று வைத்துக்கொண்டு, அவர்கள் ஒரு படி செய்ததும் வீடியோவை நிறுத்திவிட்டு நீங்களும் அதைச் செய்ய வேண்டும். என் மாணவர்களில் இப்படிச் செய்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். முழு வீடியோவையும் பார்த்துவிட்டுப் பிறகு செய்கிறேன் என்றவர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள்.

பதில்: அம்பை ஸ்டுடியோ

தங்கச்சி, நான் அம்பாசமுத்திரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பிலிம் காலத்தில் இருட்டறையில் தொழில் கற்றவன். டிஜிட்டல் வந்தபோது இந்தப் பக்கத்தில் எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. கடையை அடைத்த பிறகு வீடியோ பார்த்துத்தான் போட்டோஷாப் கற்றேன். வீடியோவில் தொழில் வராது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. தாராளமாக வரும்.

ஆனால் நீங்கள் படிப்பது இரண்டு விதமான பாடம். மென்பொருள் பாடம் சீக்கிரம் பழையதாகிவிடும், ஆனால் எந்த ஊரில் உட்கார்ந்து கற்றாலும் ஒன்றுதான். ஒளியைப் பற்றிய பாடம் பழையதாகாது, ஆனால் ஊருக்கு ஊர் மாறும். முதலாவதை டீச்சர் சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு இடறுவது இரண்டாவதில் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஆசிரியர் எந்த நாட்டில் நின்று பேசுகிறார் என்று கவனியுங்கள். லண்டன் போன்ற வடக்கு ஊர் என்றால் அங்கே சூரியன் சரிவாக இறங்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 8.7 பாகைதான் வடக்கே இருக்கிறோம், நம் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகிறது. பகலும் இரவும் சமமாக வரும் மார்ச் நாளில் கணக்கிட்டால், அடிவானத்துக்கு மேல் 6 பாகை உயரத்திலிருந்து சூரியன் கீழே வர நமக்குச் சுமார் 24 நிமிடம், லண்டனில் சுமார் 39 நிமிடம். மாலை மஞ்சள் வெயிலில் நிதானமாக எடுங்கள் என்று அவர் சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. நமக்கோ மேற்கே பொதிகை மலை வேறு நிற்கிறது. நீங்கள் பாயை விரித்துச் சுருக்கம் எடுப்பதற்குள் வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும்.

உச்சிவெயில் இன்னும் மோசம். ஏப்ரல் 12, 13 வாக்கில், சித்திரை பிறக்கும் நேரத்தில், நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் அப்படி நிற்கும். அந்த நேரத்தில் மாடியில் விரித்த பாயில் கோரைக்கும் கோரைக்கும் நடுவே நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் பின்னல் எப்படித் தெரியும்?

ஆகவே காலை எட்டு, ஒன்பது மணிக்கு எடுங்கள். மாடி வேண்டாம், வீட்டு நடையில் எடுங்கள். வாசல் கதவைத் திறந்து வைத்து, உள்ளே இருக்கும் பல்பு, டியூப்லைட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரண்டு நிற ஒளி கலந்தால் பிறகு எந்த மென்பொருளும் அதைச் சுத்தமாகப் பிரித்துத் தராது. வெயில் நேராக உள்ளே விழுந்தால் வாசலில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டுங்கள். பாய்க்கு மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள்.

பாயை எந்தப் பக்கமாக விரிப்பது என்பது முக்கியம். உங்கள் பாயில் பாவு நூல் நீளவாக்கில் ஓடுகிறது, கோரை அகலவாக்கில் கிடக்கிறது. ஒளி கோரைக்குக் குறுக்கே வர வேண்டும், அதாவது தலைமாட்டிலிருந்தோ கால்மாட்டிலிருந்தோ தரையை ஒட்டிச் சாய்வாக வர வேண்டும். அப்போது ஒவ்வொரு கோரைக்கும் ஒரு பக்கம் வெளிச்சமும் ஒரு பக்கம் மெல்லிய நிழலும் கிடைக்கும். அம்மா எவ்வளவு மெல்லியதாகக் கோரையைக் கிழித்து நெய்திருக்கிறார்கள் என்பது அந்த நிழலில்தான் தெரியும். பக்கவாட்டிலிருந்து, கோரை ஓடும் திசையிலேயே ஒளி வந்தால் எல்லாம் தட்டையாகிவிடும். மெல்லிய கோரையில் நெய்த பட்டுப் பாய் சாதாரணப் பாய் மாதிரி தெரிந்தால் அதற்குக் கேட்கும் விலையை யார் நம்புவார்கள்?

இனி சிவப்புக் கரை. கேமரா மெனுவில் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தை, சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறமாகக் காட்டும்படி மாற்றுங்கள். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம் சரியாக இருந்தாலும், சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். அங்கே விவரம் தொலைந்துபோனது என்று பொருள். சிவப்பு ஓரத்தை விட்டு விலகும்வரை எக்ஸ்போஷரைக் குறையுங்கள். படம் கொஞ்சம் இருண்டு தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், ரா கோப்பில் மற்ற நிறங்களைத் தூக்கிவிடலாம். ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள்தான். உங்கள் கேமராவின் 14 பிட் ரா கோப்பில் 16,384. இழுப்பதற்கு இடம் அதில்தான் இருக்கிறது.

நிறம் மாறுவதற்கு ஒரு சாம்பல் அட்டை வாங்குங்கள். ஒளியை மாற்றும்போதெல்லாம் அதைப் பாயின் மேல் வைத்து ஒரு படம் எடுத்துவிட வேண்டும். பிறகு மென்பொருளில் ஒயிட் பேலன்ஸ் சொட்டுக்குழாயால் அந்தச் சாம்பலைத் தொட்டு, வந்த அளவை மற்றப் படங்களுக்கும் கொடுங்கள். சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபி என்ற, போன்களுக்கும் இணையத்துக்கும் பொதுவான நிற அமைப்பில் சேமியுங்கள். வாங்குகிறவர் போனில்தான் பார்க்கிறார்.

அலைக்கோடுகள் வருவதற்குக் காரணம், பாயின் பின்னலும் சென்சாரின் கட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது. இரண்டு கொசுவலைகளை ஒன்றாக விரித்தால் நடுவில் தோன்றும் வளையங்களைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். முதலில் படத்தை 100 சதவீத அளவில் திறந்து பாருங்கள். அங்கே கோடு இல்லையென்றால் படத்தில் குற்றம் இல்லை, சுருக்கிக் காட்டும்போது வருகிறது. அங்கேயும் இருந்தால் கேமராவைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்துங்கள், அல்லது சிறிது திருப்புங்கள்.

லென்ஸை 35 மி.மீ.க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். 18-இல் நேரான கரை வளைந்து தெரியும், நெய்தவர் கைதான் கோணல் என்று பார்ப்பவர் நினைப்பார். அப்பெர்ச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ட்ரைபாட், 2 விநாடி டைமர். ஷட்டர் மெதுவாக இருந்தால் இருக்கட்டும், பாய் எங்கும் ஓடிவிடாது.

கடைசியாக ஒன்று. ஒளிப் பாடத்தை இரவில் பார்க்காதீர்கள். இரவில் செய்து பார்க்க வெயில் இல்லை, காலையில் பாதி மறந்துவிடும். காலையில் ஒரே ஒரு பாடம் பாருங்கள், அதே ஒளியில் அதே பாயில் செய்துவிடுங்கள், அதன் பிறகு அடுத்தது. இரவை எடிட்டிங் பாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: கூந்தன்குளம் பக்கம்

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வீடியோ நம் படத்தைப் பார்த்து எதுவும் சொல்லாது. பணம் கட்டுவதென்றால், நாம் அனுப்பும் படத்தைப் பார்த்து ஆசிரியர் குறை சொல்லித்தரும் வகுப்புக்கு மட்டும் கட்டுங்கள். வெறும் வீடியோ வேண்டுமென்றால் இலவசமாகவே எவ்வளவோ இருக்கிறது.

நான் பறவைகளைப் படம் எடுப்பவன். பறக்கும் கூழைக்கடாவுக்கு ஷட்டர் 1/2000 வை, போகஸை நகரும் பறவையைத் தொடரும் ஏஐ சர்வோவில் வை என்று பாடம் சொல்லித்தந்தது. பெரிய லென்ஸ் இல்லாமல் முடியாது என்றும் சொன்னது. எங்கள் ஊரிலோ மஞ்சள்மூக்கு நாரை தெரு மரத்தில் கூடு கட்டுகிறது. கூட்டுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை ஊர்ப் பெரியவர்கள்தான் சொல்லித்தந்தார்கள், எந்த வீடியோவும் சொல்லவில்லை.

எழுதியவர்: கோரைப்பாய், பத்தமடை

அண்ணாச்சி, டீச்சர், அண்ணன் மூவருக்கும் நன்றி. கோரைக்குக் குறுக்கே ஒளி வர வேண்டும் என்று படித்ததும் அம்மாவிடம் சொன்னேன். நெய்யும்போது பின்னல் சரியாக விழுந்திருக்கிறதா என்று அவரும் பாயை வாசல் பக்கம் திருப்பி அப்படித்தான் பார்ப்பாராம். எனக்கு இது தெரியாது.

100 சதவீதத்தில் திறந்து பார்த்தேன், கோடுகள் இல்லை. அப்படியானால் சுருக்கும்போதுதான் வருகின்றன. எப்படிச் சுருக்குவது, டீச்சர்?

பதில்: பாளை கணினி டீச்சர்

ஜிம்ப்பில் படத்தைத் திறந்து, முதலில் மிகக் குறைந்த அளவில் காஸியன் பிளர் கொடுங்கள். நுண்ணிய பின்னலைக் கொஞ்சம் மழுக்கிவிட்டால் சுருங்கும்போது அது அலையாக மாறாது. பிறகு ஸ்கேல் இமேஜ் போய், இன்டர்போலேஷன் என்ற இடத்தில் லோஹாலோவைத் தேர்ந்தெடுத்து, நீளப் பக்கத்தை 1600 பிக்சலாகக் குறையுங்கள். கடைசியில் மெல்லியதாக ஷார்ப்பன் செய்யுங்கள். மூலக் கோப்பின் மேல் சேமித்துவிடாதீர்கள், வேறு பெயரில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அப்படியும் கோடு வந்தால் படத்தை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.

பதில்: அம்பை ஸ்டுடியோ

அம்மா பார்க்கும் அந்தக் கோணத்திலேயே கேமராவையும் ஒருமுறை வைத்து எடுங்கள் தங்கச்சி. முழுப் பாய்க்கு நேர் மேலிருந்து ஒரு படம், பின்னலைக் காட்ட அம்மா பார்க்கும் கோணத்தில் நெருக்கமாக ஒரு படம், இரண்டும் வேண்டும்.

கல்யாணப் பாயை இணையத்தில் போடும் முன்பு அந்த வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மணமக்கள் பெயர் அதில் இருக்கிறது. அவர்கள் தயங்கினால் பெயர் வராத மூலையை மட்டும் எடுங்கள். சாம்பல் அட்டை என் கடையில் ஒன்று சும்மா கிடக்கிறது. அம்பைக்கு வரும்போது வந்து வாங்கிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.