இரிடியம்-192 ஷாட்: கயிறு எத்தனை மீட்டரில் கட்டணும்?

பைப்லைன்_பாலா:
திறந்தவெளியில் பைப் வெல்டிங் ஜாயிண்டுகளுக்கு ரேடியோகிராபி (காமா கதிரால் ஃபிலிமில் படம் எடுத்துச் சோதிப்பது). சோர்ஸ் (கதிர் வீசும் பொருள்) 20 கியூரி இரிடியம்-192; கியூரி என்பது அதன் கதிரியக்க அளவு. சர்வே மீட்டர் (கதிர் அளக்கும் கருவி) 5 மீட்டரில் மணிக்கு 4 மில்லிசீவர்ட் (உடம்பில் விழும் கதிரின் அளவு) காட்டுது. தூரம் இரண்டு மடங்கானால் பாதியாகும், 10 மீட்டரில் 2 வரும்னு பார்த்தால் 1 தான் வருது. மீட்டர் ரிப்பேரா? வாரம் 10 ஷாட் (சோர்ஸை வெளியே விட்டு ஒரு படம் எடுப்பது), ஒன்று 3 நிமிஷம். கொலிமேட்டர் (கதிரை ஒரு பக்கம் மட்டும் விடும் மறைப்பு) இல்லைனு வெச்சுக்கிட்டா, பொதுமக்கள் உள்ளே வராமல் தடுக்கும் கயிறு எங்கே கட்டணும்?

காமா_கணக்கு:
மீட்டர் சரியாத்தான் இருக்கு சார், கணக்குதான் தப்பு. சோர்ஸிலிருந்து கதிர் நாலாபக்கமும் கோளமாக விரியுது. தூரம் இரண்டு மடங்கானால் கோளத்தின் பரப்பு நான்கு மடங்கு. அதே கதிர் நான்கு மடங்கு இடத்தில் பரவுது. அதனால் கால்வாசிதான் வரும். எதிர்த்தகவு இருமடி விதி, பள்ளியில் வெளிச்சத்துக்குப் படிச்சது.

1 கியூரி இரிடியத்துக்கு 1 மீட்டரில் மணிக்குச் சுமார் 5 மில்லிசீவர்ட். 20 கியூரிக்கு 100. அதை தூரத்தின் வர்க்கத்தால் வகுங்க: 5 மீட்டரில் 4, 10 மீட்டரில் 1, 50 மீட்டரில் 0.04, அதாவது 40 மைக்ரோசீவர்ட்.

இப்போ கயிறு. பொதுமக்களுக்கு ஆண்டு வரம்பு 1 மில்லிசீவர்ட். 50 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 20 மைக்ரோசீவர்ட். உங்க சோர்ஸ் வெளியே இருப்பது வாரம் 30 நிமிஷம். ஆக மணிக்கு 40 மைக்ரோசீவர்ட் வரை போகலாம்: 50 மீட்டர். ஷாட் இரட்டிப்பானால் 100 மீட்டர் ஆகாது, 71 தான். இது கணக்கு மட்டும். கடைசி முடிவு உங்க கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருடையது; முதல் ஷாட்டிலேயே கயிற்றைச் சுற்றி மீட்டரோடு நடந்து சரிபார்க்கணும்.

இன்னொன்று, 5 மீட்டரில் நின்று அளக்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே ஒரு நிமிஷம் நின்றால் 67 மைக்ரோசீவர்ட்.

கிராங்க்_பிடிப்பவன்:
அந்த 50 மீட்டரை எங்கிருந்து அளப்பீங்க? பலர் கேமரா பெட்டியிலிருந்து (சோர்ஸை வைக்கும் மறைப்புப் பெட்டி) டேப் பிடிக்கிறாங்க. ஷாட் நேரத்தில் சோர்ஸ் பெட்டிக்குள் இல்லை, கைடு டியூபின் (சோர்ஸ் ஓடும் குழாய்) நுனியில், ஜாயிண்ட் பக்கத்தில் இருக்கு. வட்டத்தின் மையம் அதுதான்.

ஆபரேட்டரையும் மறந்துடாதீங்க. கிராங்க் (சோர்ஸை வெளியே தள்ளி உள்ளே இழுக்கும் சுழல் கைப்பிடி) 10 மீட்டரில் இருந்து, ஷாட் முடியும் வரை அங்கேயே நின்றால் ஒவ்வொன்றுக்கும் 50 மைக்ரோசீவர்ட். வாரம் 500, ஆண்டுக்கு 25 மில்லிசீவர்ட். ஐந்தாண்டுச் சராசரி வரம்பு ஆண்டுக்கு 20. கிராங்க் சுற்றியதும் கயிற்றுக்கு வெளியே போங்க, உள்ளே இழுக்க மட்டும் திரும்பி வாங்க.

கொலிமேட்டர் போட்டால் தூரம் நல்லாவே குறையும். சுமார் 13 மில்லிமீட்டர் டங்ஸ்டன், நான்கு அரைமதிப்புத் தடிமன் (ஒவ்வொன்றும் கதிரைப் பாதியாக்கும்), கதிரை 16-ல் ஒரு பங்காக்கும். வர்க்கமூலம் எடுத்தால் அந்தப் பக்கம் 12.5 மீட்டர் போதும்னு கணக்கு வரும். ஆனால் திறந்த வாய்ப் பக்கம் இது பொருந்தாது. சோர்ஸ் டியூபில் ஓடி கொலிமேட்டருக்குள் சேரும் வரைக்கும் எல்லாப் பக்கமும் மறைப்பில்லை. தரை, சுவரில் சிதறி வருவதும் உண்டு. அதனால் 12.5-ஐ நம்பி யாரும் கயிறு கட்டுவதில்லை.

பைப்லைன்_பாலா:
நன்றி. சோர்ஸ் டியூபில் சிக்கிக்கொண்டால் இடுக்கி வெச்சு எடுத்து உள்ளே தள்ளிடலாமா?

காமா_கணக்கு:
நீங்க எடுக்கவே கூடாது. பின்வாங்கி, கயிற்றை விரிவாக்கி, பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிடுங்க. அதே விதி நெருக்கத்தில் எப்படி அடிக்குதுன்னு பாருங்க. 1 மீட்டர் நீள இடுக்கியின் முனையில் இருந்தால் கைக்கு மணிக்கு 100 மில்லிசீவர்ட். விரலிலிருந்து 1 சென்டிமீட்டரில் இருந்தால் 10,000 மடங்கு: ஒரு நொடிக்கே ஏறக்குறைய 280 மில்லிசீவர்ட்.

1999-ல் பெருவின் யனங்கோ நீர்மின் நிலையத்தில் ஒரு வெல்டர், இன்னதென்று தெரியாமல் 37 கியூரி இரிடியம்-192 சோர்ஸைப் பேன்ட் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சில மணி நேரம் வேலை பார்த்தார். உயிர் பிழைத்தார், வலது காலை இழந்தார். தொடையோடு ஒட்டி இருந்ததால் அங்கே விழுந்ததும் உடம்பின் மற்ற பகுதிக்கு விழுந்ததும் ஒப்பிடவே முடியாத அளவு வேறு.

சோர்ஸ் இருக்கும் பக்கம் எப்போது போனாலும் மீட்டரைத் தூரத்திலேயே ஆன் செய்யணும். சில ஜி.எம். (கைகர்-முல்லர்) வகை மீட்டர்கள் ரொம்ப அதிக கதிரில் திணறி, குறைவாகவோ பூஜ்யமாகவோ காட்டும். முள் ஏறிக்கொண்டே வந்து திடீரென விழுந்தால் பின்னால் வாங்க.

பைப்லைன்_பாலா:
கடைசியா ஒன்று. 74 நாளில் சோர்ஸ் 10 கியூரி ஆகிடும். அப்போ கயிற்றை 35 மீட்டருக்குக் கொண்டு வரலாமா?

கிராங்க்_பிடிப்பவன்:
ஷாட் நேரம் மாறாவிட்டால் 35 சரி. ஆனால் அதே ஃபிலிமில் அதே கருமை வர 3 நிமிஷ ஷாட் 6 நிமிஷம் ஆகும். வீதம் பாதி, நேரம் இரட்டை, வாரக் கணக்கில் அதே 20 மைக்ரோசீவர்ட். கயிறு 50-லேயே இருக்கட்டும்.