கையால் கலந்த களிம்புகளும் குச்சி மருந்துகளும்: மருந்தறை அனுபவங்கள்

மருந்தாளுநர் (ஓய்வு), திருச்சி:

குழாய்களில் அடைத்து ஆலைகளிலிருந்து வரும் களிம்புகள் பெருகிய பிறகு, மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து ஒரு நோயாளிக்கென்று தனியாகக் களிம்பு கலந்து கொடுக்கும் வேலை நம் ஊர்களில் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆயினும் தோல் மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனைகளில் அது முற்றிலும் நின்றுவிடவில்லை. அந்த வேலையில் இருந்தவர்களும் இப்போது இருப்பவர்களும் தாம் நேரில் கண்டவற்றை இங்கே எழுத வேண்டும் என்பது என் விருப்பம். முதலில் நானே தொடங்குகிறேன்.

எங்கள் பிரிவில் அதிகமாகச் செலவானது, படர்தாமரைக்குத் தடவும் விட்ஃபீல்டு களிம்பு. ஆர்தர் விட்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயத் தோல் மருத்துவரின் பெயரால் வழங்கும் இக்களிம்பில் பென்சோயிக் அமிலம் 6 விழுக்காடும் சாலிசிலிக் அமிலம் 3 விழுக்காடும் உண்டு. பார்வைக்கு எளிய கலவைதான். ஆனால் இவ்விரண்டு அமிலங்களும் சூட்டில் ஆவியாகி மேலெழும் தன்மை உடையவை என்பதால், அடிப்பொருளை (மருந்தைத் தாங்கி நிற்கும் மெழுகு, பாரஃபின் போன்ற கலவையை) கொதிக்கக் கொதிக்க வைத்துக்கொண்டு அதில் தூளைக் கொட்டுவது கூடாது. நாங்கள் இரண்டையும் பீங்கான் கல்வத்தில் நன்கு பொடித்துச் சலித்து, சில சொட்டுத் திரவ பாரஃபின் விட்டு, மாவுபோல் மென்மையாகும் வரை அரைத்துக்கொள்வோம். பிறகு அதன் அளவுக்குச் சமமான களிம்பு அடிப்பொருளைச் சேர்த்துத் தேய்ப்போம். அடுத்து, இதுவரை சேர்ந்துள்ள மொத்தத்துக்குச் சமமான அளவை. இப்படியே இரட்டித்து இரட்டித்துக் கொண்டுபோவோம். ஒரேயடியாக முழு அடிப்பொருளையும் கொட்டிக் கிளறினால், ஒரு டப்பாவின் மேற்பகுதியில் மருந்து மிகுந்தும் அடியில் குறைந்தும் போகும்; அதைக் கண்ணால் கண்டுபிடிக்கவும் முடியாது. இடையில் ஒன்று சொல்ல வேண்டும்: சாலிசிலிக் அமிலத்தின் தூசு மூக்கில் ஏறினால் தும்மல் அடங்க வெகுநேரம் ஆகும். முகக்கவசம் பரவலாகாத காலத்திலேயே நாங்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் அதைப் பொடித்தோம்.

பயிற்சிக்கு வந்திருந்த மாணவர் ஒருவர் கலந்த களிம்பில் ஒருமுறை ஊதாநிறக் கீற்றுகள் தென்பட்டன. சாயம் எதுவும் கலந்துவிட்டதோ என்று அவர் அஞ்சினார். அவர் கையில் இருந்த பழைய ஸ்பாட்டுலாவின் (களிம்பைத் தேய்த்துக் கலக்கும் தட்டைக் கத்தியின்) ஓரத்தில் துரு ஏறியிருந்ததே காரணம். சாலிசிலிக் அமிலம் இரும்புத் துருவோடு சேர்ந்தால் ஊதா நிறம் தரும் என்பது ஆய்வகத்தில் அந்த அமிலத்தை அடையாளம் காணப் பயன்படும் சோதனையே ஆகும். 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் உள்ள 'என்' (N) அட்டவணை, மருந்தகத்தில் இருக்க வேண்டிய கருவிகளைப் பட்டியலிடும்போது எஃகு ஸ்பாட்டுலாவோடு ரப்பர் அல்லது வல்கனைட் (கடினமாக்கிய ரப்பர்) ஸ்பாட்டுலாவையும் ஏன் சேர்த்துச் சொல்கிறது என்பதை அன்று அந்த மாணவர் தாமாகவே புரிந்துகொண்டார். அயோடின் கலக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை.

மருந்தியல் கல்லூரி ஆசிரியை, மதுரை:

மேலே உள்ளவர் எழுதியதை ஆய்வக வகுப்பில் நான் ஆண்டுதோறும் காண்கிறேன். என் மாணவர்களை அதிகம் சோதிப்பது விட்ஃபீல்டு களிம்பு அன்று, லாசர் பசை. ஜெர்மானியத் தோல் மருத்துவர் ஆஸ்கர் லாசர் பெயரில் வழங்கும் இப்பசையில் துத்தநாக ஆக்சைடு 24, மாவுச்சத்து 24, சாலிசிலிக் அமிலம் 2, வெள்ளை மென் பாரஃபின் 50 என்பது அளவு. அதாவது எடையில் பாதி தூள். துத்தநாக ஆக்சைடு ஈரக்காற்றில் கட்டிகட்டியாகச் சேர்ந்துகொள்ளும். அதைச் சலிக்காமல் போட்டவர்களின் பசையை இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்தாலே மணல் நெருடும். சலிக்கச் சோம்பல்பட்டுக் கல்வத்தில் அரைத்துச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணுபவர்கள் பெரும்பாலும் மேலும் பல கட்டிகளை அழுத்தி இறுக்கிவிடுகிறார்கள். கண்ணாடிச் சில்லில் மெல்லியதாகத் தடவி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொல்வேன். அந்தச் சோதனைக்குப் பிறகு நான் எதுவும் விளக்க வேண்டியிருப்பதில்லை.

உருக்கிக் கலக்கும் முறையிலும் பதற்றம் ஒன்று உண்டு. கடின பாரஃபின், தேன்மெழுகு போல உயர்ந்த சூட்டில் உருகுபவற்றை முதலில் வாட்டர் பாத்தில் (சுடுநீர்த் தொட்டியில்) வைத்து, பிறகு மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால், மெழுகு உருகுவதற்காக மற்றவற்றைத் தேவையில்லாமல் சுட வைக்க நேரும். அதன் பின்பு, ஆறும் வரை மெதுவாகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். தேர்வு நாளில் நேரம் போதாது என்று பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் வைத்த மாணவர்களுக்குக் கிடைத்தது களிம்பு அன்று. மெழுகு முன்னதாக உறைந்து குருணையாகிப் போன ஒரு கலவை. எதிர்ப்புறத்தில், வேகமாக அடித்துக் கிளறுபவர்கள் காற்றைச் சேர்த்துவிடுகிறார்கள். டப்பாவில் நிரப்பிய களிம்பு ஓரிரு நாளில் தணிந்து, குறைவாகக் கொடுத்துவிட்டதுபோல் தோன்றும்.

தோல் மருத்துவர், கோயம்புத்தூர்:

மருந்துச் சீட்டு எழுதுபவர்கள் தரப்பிலிருந்து நான் கண்டதையும் சொல்ல விரும்புகிறேன். வீரியம் மிக்க ஸ்டீராய்டுக் களிம்பை வாஸ்லைனில் கலந்து 'பாதியாக்கி'க் கொடுக்குமாறு எழுதும் வழக்கம் எங்களிடையே நெடுங்காலமாக உண்டு. மருந்தின் அளவைப் பாதியாக்கினால் அதன் வீரியமும் பாதியாகும் என்ற கணக்கு தோலில் செல்லாது. தோலுக்குள் மருந்து எவ்வளவு இறங்கும் என்பதை அடிப்பொருளும் அதில் மருந்து எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பீட்டாமெத்தசோன் வேலரேட் என்னும் ஸ்டீராய்டைக் காரத்தன்மை உள்ள அடிப்பொருளில் கலந்தால், அது வீரியம் குறைந்த வேறொரு வடிவமாக மாறிவிடுகிறது. சொரியாசிஸுக்குத் தடவும் கால்சிபோட்ரியால் களிம்போடு சாலிசிலிக் அமிலத்தைச் சேர்த்துக் கலக்கச் சொல்லி வந்த சீட்டு ஒன்றை ஒரு மருந்தாளுநர் என் பார்வைக்குக் கொண்டுவந்தார். அந்த அமிலம் கால்சிபோட்ரியாலைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால் இரண்டையும் வெவ்வேறு வேளைகளில் தடவுமாறு மாற்றினோம். அந்த மருந்தாளுநர் கேட்டிராவிட்டால் நோயாளி பல மாதம் பயனற்ற களிம்பைத் தடவிக்கொண்டிருப்பார்.

விட்ஃபீல்டு களிம்பு பழங்கதை என்று எண்ணிய இளம் மருத்துவர்கள் இப்போது மீண்டும் அதைத் தேடி வருகிறார்கள். ஸ்டீராய்டு கலந்த கலவைக் களிம்புகளை வைத்தியர் சொல்லாமலே கடையில் வாங்கித் தடவிய நோயாளிகளும், டெர்பினாஃபின் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்துக்கு எதிர்ப்புக் காட்டும் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்னும் பூஞ்சையால் வரும் படர்தாமரையும் சேர்ந்து எங்கள் பிரிவை நிரப்பிய பிறகு ஏற்பட்ட மாற்றம் இது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் 6-க்கு 3 என்ற அதே அளவில் அந்தக் களிம்பு முன்பு இடம்பெற்றிருந்ததை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் கவட்டிலும் வெடித்த தோலிலும் அது எரியும். சாலிசிலிக் அமிலம் தோல் வழியே உடம்புக்குள் செல்லும் என்பதால், பச்சிளங்குழந்தையின் உடல் முழுவதும் தடவக் கொடுத்தல் அறவே கூடாது.

உற்பத்திப் பிரிவு மருந்தாளுநர், சென்னை:

நான் களிம்பைவிடக் குச்சி மருந்துகளோடு அதிகம் பழகியவன். உதட்டுக்கும் மூக்கின் ஓரத்துக்கும் தடவும் குச்சி, கையில் பிசுபிசுப்பு ஒட்டாமல் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் மருந்தை வைக்க உதவுவதால், வெயிலில் பணி செய்யும் லூபஸ் நோயாளிகளுக்கும் உதட்டு ஹெர்ப்பீஸ் உள்ளவர்களுக்கும் மருத்துவர்கள் அதை விரும்பி எழுதுவார்கள்.

கோக்கோ வெண்ணெயை அடிப்பொருளாகக் கொண்ட வெளிநாட்டுக் குறிப்புகளை அப்படியே பின்பற்றுபவர்களைச் சித்திரை மாதத்தில் சென்னைக்கு வரச் சொல்ல வேண்டும். கோக்கோ வெண்ணெய் 31 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டிலேயே உருகுவது. நோயாளியின் கைப்பையில் அது குச்சியாக நீடிக்காது. அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு: அதை அளவுக்கு மீறிச் சூடாக்கி உருக்கினால், ஆறும்போது இன்னும் தாழ்ந்த சூட்டில் உருகும் நிலையற்ற படிக வடிவமாக உறையும். அச்சிலிருந்து எடுக்கும்போதே குழைந்து போகும் குச்சியைக் கண்டு மெழுகு கலப்படம் என்று குற்றம் சாட்டியவர்களை எனக்குத் தெரியும். அங்கே குற்றம் அடுப்பினுடையது. நாங்கள் தேன்மெழுகின் பங்கைக் கூட்டி இதைச் சமாளித்தோம். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். அளவு மிகுந்தால் குச்சி உதட்டில் வழுக்காமல் இழுக்கும். கோடைக்கு ஒன்று, மார்கழிக்கு ஒன்று என இரண்டு அளவுகளை எழுதி வைத்திருந்தோம் என்றால் வியப்பில்லை.

கணக்கு தவறும் இடம் அச்சு. ஓர் அச்சுக் குழியில் வெறும் அடிப்பொருள் 4 கிராம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 0.47 கிராம் துத்தநாக ஆக்சைடு சேர்க்க வேண்டுமானால், அடிப்பொருளை 3.53 கிராமாகக் குறைப்பது தவறு. துத்தநாக ஆக்சைடு கனமானது, அதில் 4.7 கிராம், கோக்கோ வெண்ணெயில் 1 கிராமின் இடத்தைத்தான் பிடிக்கும். எனவே 0.47 கிராமுக்கு 0.1 கிராம் அடிப்பொருளே குறைய வேண்டும், 3.9 கிராம் ஊற்ற வேண்டும். இதைக் கவனிக்காமல் கலந்தால் குழிகள் முழுமையாக நிரம்பாமல், கடைசி அச்சுகளுக்கு மருந்து போதாமல் போகும். கனமான தூள் உருகிய மெழுகில் அடியில் படியும் என்பதால், உறையப் போகும் பதம் வரும் வரை கிளறிவிட்டு, அப்போது ஊற்றுவது நல்லது. ஆறும்போது நடுவில் குழி விழும்; ஆகவே விளிம்புக்கு மேல் சற்று அதிகமாக நிரப்பி, உறைந்த பின் கத்தியால் சமப்படுத்த வேண்டும்.

முடிதிருத்தும் கடைகளில் சவரத்துக்குப் பின் தேய்க்கும் படிகாரக் கட்டியும் இந்த இனம்தான். படிகாரம் 92 டிகிரி அளவில் தன் படிக நீரிலேயே உருகும். அந்நேரம் அச்சில் ஊற்றினால் கண்ணாடிபோல் உறையும். அடுப்பை அணைக்க மறந்தால் நீர் வற்றிப் பொரிந்து, பஞ்சுபோன்ற வெண்கட்டியாகிவிடும். மருக்களைச் சுடும் வெள்ளி நைட்ரேட் பென்சில் வேறு வகை: 95 விழுக்காடு வெள்ளி நைட்ரேட்டோடு 5 விழுக்காடு பொட்டாசியம் நைட்ரேட் சேர்ந்து உருகியது. அதைக் கையாண்டவர்களின் விரல் நுனி கருத்திருக்கும். வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும்.

மருந்துக்கடைப் பணியாளர், நாகர்கோவில்:

எனக்குச் சிறு கேள்வி ஒன்று உள்ளது. வலிக்கான குச்சி செய்வதற்காக மென்தாலையும் கற்பூரத்தையும் ஒன்றாகக் கல்வத்தில் இட்டபோது, இரண்டும் திடப்பொருள்களாக இருந்தும் கண்முன்னே நீராகிவிட்டன. பொருள் கெட்டுவிட்டது என்று எண்ணி வாங்கிய இடத்தில் புகார் செய்யலாமா?

உற்பத்திப் பிரிவு மருந்தாளுநர், சென்னை:

புகார் தேவையில்லை. இவ்விரண்டும் கலந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக உருகும் சூட்டைவிட மிகத் தாழ்ந்த சூட்டிலேயே கலவை உருகிவிடும். தைமாலும் அப்படியே. பலர் இதைத் தம் வசதிக்கே பயன்படுத்திக்கொள்கிறார்கள்: முதலில் இரண்டையும் நீராக்கிவிட்டால் தூளைப் பொடிக்கும் வேலை மிச்சம்; பிறகு உருக்கி ஆறிக்கொண்டிருக்கும் மெழுகில் சூடு தணிந்ததும் ஊற்றலாம். சூடாக இருக்கையில் ஊற்றினால் வாசனையோடு மருந்தும் பறந்துவிடும். குச்சி குழையாமல் இருக்க மெழுகைச் சிறிது கூட்டுங்கள்.

மருந்தாளுநர் (ஓய்வு), திருச்சி:

எத்தனை நாள் வைத்துப் பயன்படுத்தலாம் என்று தனிச்செய்தியில் சிலர் கேட்டிருந்தார்கள். நீர் கலவாத களிம்பில் நுண்ணுயிர்கள் பெருகுவது அரிது. நீர் கலந்த கிரீமில் அப்படியில்லை. 2023-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க மருந்தியல் நூலின் திருத்தம், பதனப்பொருள் சேர்த்த நீர்க்கலவைகளுக்கு 35 நாளும், நீரற்ற புறப்பூச்சுகளுக்கு 180 நாளும் உச்ச வரம்பு வைக்கிறது. அது நம் சட்டம் அன்று. எனினும், தேதியே இல்லாமல் டப்பாவைக் கொடுத்தனுப்பும் வழக்கத்துக்கு அது எவ்வளவோ மேல்.

எவ்வளவு கலக்க வேண்டும் என்பதற்கு நான் விரல்நுனிக் கணக்கை வைத்துக்கொள்வேன். 1991-இல் லாங், ஃபின்லே என்னும் இருவர் எழுதிய அளவீடு அது. 5 மில்லிமீட்டர் துவாரம் கொண்ட குழாயிலிருந்து சுட்டுவிரலின் நுனி முதல் முதல் மடிப்பு வரை வரும் களிம்பு, வளர்ந்த ஆணுக்கு ஏறக்குறைய அரை கிராம். விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவுப் பரப்புக்கு அது போதும். ஒரு கையும் தோளும் முழுவதும் பாதித்தவருக்கு 10 கிராம் டப்பா எழுதி வந்த சீட்டை இந்தக் கணக்கோடு மருத்துவரிடம் திருப்பிக் கொண்டுபோனால், பெரும்பாலும் அவரே அளவைத் திருத்தித் தந்துவிடுவார்.